கடைக்குப் பதிவு வாங்கியாச்சு, அதை எப்படிக் காப்பாற்றுவது?

கடை திறக்கும்போது எல்லாரும் ஓடி ஓடிப் பதிவு வாங்குகிறோம். ஜிஎஸ்டி எண் வந்ததும் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, இனி வியாபாரத்தைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிறோம். சிக்கல் ஆரம்பிப்பது அதற்கு அப்புறம்தான். எங்கோ ஒரு கெடு தேதி தாண்டிப் போகிறது, யாருடைய மின்னஞ்சலுக்கோ ஒரு நோட்டீஸ் போகிறது, ஒரு நாள் பார்த்தால் ‘பதிவு நிறுத்திவைக்கப்பட்டது’ என்று திரையில் வருகிறது.

நானும் என் மச்சானும் பங்குதாரர்களாகக் கோவைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை நடத்துகிறோம். ஆணி, கட்டுக்கம்பி, பெயின்ட், பிவிசி பைப், குழாய்ச் சாமான்தான் சரக்கு. வேலைக்கு இரண்டு பேர். இந்த அளவுள்ள கடைக்குத் தமிழ்நாட்டில் எந்தெந்த அலுவலகத்தில் என்னென்ன பதிவு வேண்டும், அதை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று முழுதாகச் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் ரொம்பவே அலைந்தோம். புதிதாகக் கடை வைக்கிறவர்கள் அந்த அலைச்சல் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கட்டணங்களை அரசு அவ்வப்போது மாற்றும். பணம் கட்டுமுன் அந்தந்தத் துறையின் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பெயரையும் முகவரியையும் ஒன்றாக்குங்கள்

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு முதல் காரணம் பெயர்தான். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல் போடுவதோடு சரி. ஆதாரில் அந்த ஒற்றை எழுத்துதான் இருக்கும். பான் அட்டையில் அதையே அப்பா பெயராக விரித்துப் பின்னால் போட்டிருப்பார்கள். வங்கிக் கணக்கில் மூன்றாவது ஒரு வடிவம் இருக்கும். மனிதருக்கு இது ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆகவே எந்த விண்ணப்பத்தையும் தொடங்குமுன் ஒவ்வொரு பங்குதாரருடைய பான், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பான் அட்டையில் இருப்பதே எங்கும் செல்லும் என்பதால், மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்வது நல்லது. ஆதாரோடு இப்போது கையில் இருக்கும் செல் நம்பர்தான் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய நம்பர் என்றால் ஓடிபி வராது, அங்கேயே எல்லாம் நின்றுவிடும்.

நிறுவனத்தின் பெயரும் அப்படித்தான். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் ‘டிரேடர்ஸ்’, பானில் ‘டிரேடிங் கோ’, போர்டில் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் எழுதிய பெயரை எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் போடுங்கள். கதவு எண்ணுக்கும் இதே விதிதான். பழைய எண், புது எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் சேர்த்து எழுதும் ஒரே வடிவத்தை முடிவு செய்து, வாடகை ஒப்பந்தம் முதல் பில் புத்தகம் வரை அதையே பயன்படுத்துங்கள்.

2. கட்டட உரிமையாளரிடம் வாங்க வேண்டிய காகிதங்கள்

அட்வான்ஸ் கொடுக்குமுன் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் ‘பார்க்கலாம் தம்பி’ என்ற பதில்தான் வரும். தேவையானவை இவை:

- வாடகை ஒப்பந்தம், முத்திரைத்தாளில், இரு தரப்புக் கையெழுத்தோடு
- அந்தக் கட்டடத்தின் நடப்பு ஆண்டுச் சொத்து வரி ரசீது
- மின் இணைப்பு அட்டை அல்லது சமீபத்திய மின் கட்டண ரசீது
- வணிகம் நடத்த ஆட்சேபணை இல்லை என்று உரிமையாளர் எழுதித்தரும் கடிதம்

மின் இணைப்பு இன்னமும் காலமாகிவிட்ட தாத்தா பெயரிலேயே இருக்கும் கட்டடங்கள் நம் ஊரில் ஏராளம். வாடகை வாங்குவது பேரன், ரசீதில் இருப்பது தாத்தா என்றால் ஜிஎஸ்டி அதிகாரி கேள்வி எழுப்புவார். சொத்து வரி ரசீது பேரன் பெயருக்கு மாறியிருந்தால் அதையே உரிமைச் சான்றாகக் கொடுத்துவிடலாம். அதுவும் மாறவில்லை என்றால் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கடை திறக்கும் தேதியை அதற்குத் தகுந்தபடி வையுங்கள்.

இன்னொன்று, வீட்டு இணைப்பில் கடை நடத்தாதீர்கள். உரிமையாளர் ‘இதுவரை யாரும் கேட்டதில்லை’ என்பார். மின்வாரியப் பறக்கும் படை வந்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில், உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிருந்து அப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரியவில்லை என்றால் பரிசோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். வணிக இணைப்பாக மாற்றித் தருவதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிய வேண்டும். ‘11 மாதம்தானே, வேண்டாம்’ என்று தரகர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

3. கூட்டு நிறுவனத்தைப் பதியாமல் விடாதீர்கள்

பங்குதாரர் பத்திரம் எழுதி, பான் வாங்கி, ஜிஎஸ்டியும் எடுத்தாயிற்று, ஆகவே நிறுவனம் பதிவாகிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. கூட்டு நிறுவனத்தைப் பதிவது 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, பதிவுத் துறையில், மாவட்டப் பதிவாளரிடம்.

சட்டம் இதைக் கட்டாயம் என்று சொல்லவில்லை. அதனால் ஆடிட்டர்களில் சிலர் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, பதியாத நிறுவனம் தன் ஒப்பந்தப் பாக்கியை வசூலிக்க வெளியாள் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. எங்கள் தொழிலில் பாதிச் சரக்கு மேஸ்திரிக்கும் கான்ட்ராக்டருக்கும் கடனில்தான் போகிறது. நாலு லட்ச ரூபாய் பைப்பை இறக்கிக்கொண்டு ஒருவர் போனை எடுக்கவில்லை என்றால், பதிவு இல்லாத கடைக்காரர் வக்கீல் நோட்டீஸோடு நிற்க வேண்டியதுதான். கடன் வியாபாரம் செய்யும் யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பதிவுத் துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம். பத்திரம், பங்குதாரர்களின் அடையாளச் சான்று, கடை முகவரிச் சான்று கேட்பார்கள். பங்குதாரர் ஒருவர் விலகினாலோ, புதிதாகச் சேர்ந்தாலோ, கடை இடம் மாறினாலோ அதே அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். விலகியவர் பெயர் பதிவேட்டில் அப்படியே இருந்தால், பின்னால் கடன் கொடுத்தவர் அவர் வீட்டுக் கதவையும் தட்டுவார்.

4. ஜிஎஸ்டி பதிவு எடுக்கும்போது

சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். பக்கத்து மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் இந்த வரம்பு கிடையாது, முதல் பில்லிலிருந்தே பதிவு வேண்டும். பாலக்காட்டு வாடிக்கையாளர் வரும் கோவைக் கடைக்காரர்கள் இதை மனதில் வையுங்கள்.

அரசுக் கட்டணம் ஒரு பைசா இல்லை. வெளியே கொடுப்பதெல்லாம் செய்துதருபவரின் கூலிதான். விண்ணப்பத்தின் முதல் பகுதியை நிரப்பியதும் ஒரு தற்காலிக எண் வரும். அது 15 நாள்தான் செல்லும், அதற்குள் இரண்டாம் பகுதியை முடித்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 7 வேலை நாளில் எண் கிடைக்கும். நேரில் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அதிகாரி முடிவு செய்தால் 30 நாள் வரை போகும். சந்தேகம் கேட்டு நோட்டீஸ் வந்தால் 7 வேலை நாளில் பதில் போட வேண்டும். அது தபாலில் வராது. தளத்திலும் மின்னஞ்சலிலும்தான் வரும். தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஒரு தகவல் உங்களுக்குக் கைகொடுக்கும். தேவைக்கு மேல் ஆவணம் கேட்டு இழுத்தடிக்கிறார்கள் என்ற புகார்களுக்குப் பிறகு, மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று ஒரு அறிவுறுத்தல் வெளியிட்டது. வாடகை இடம் என்றால் வாடகை ஒப்பந்தமும், உரிமையாளரின் உரிமையைக் காட்டும் ஏதாவது ஒரு சான்றும் போதும், ஒப்பந்தம் பதிவாகாததாக இருந்தால் மட்டும் உரிமையாளரின் அடையாளச் சான்றும் சேர்க்க வேண்டும் என்று அதில் உள்ளது. கூட்டு நிறுவனத்துக்குப் பங்குதாரர் பத்திரமே போதும், உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றையோ தொழில் உரிமத்தையோ கூடக் கேட்கக் கூடாது என்றும் இருக்கிறது. இது மத்திய அதிகாரிகளுக்குப் போனது. உங்கள் விண்ணப்பம் மாநில வணிகவரித் துறைக்குப் போயிருந்தால் அவர்களை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் பதில் கடிதத்தில் பணிவாகக் குறிப்பிடலாம்.

எண் வந்த பிறகு இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது, 30 நாளுக்குள், அல்லது முதல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைப் பில்களின் கணக்கு) போடுவதற்குள், எது முந்தியோ அதற்குள், வங்கிக் கணக்கு விவரத்தைத் தளத்தில் சேர்க்க வேண்டும். நடப்புக் கணக்கு திறக்கப் பதிவு கேட்பார்கள், பதிவு வந்ததும் கணக்கு கேட்பார்கள். இடையில் ஒரு மாதம் சுலபமாக ஓடிவிடும். விட்டால் புதுப் பதிவு அப்படியே நிறுத்திவைக்கப்படும். இரண்டாவது, பதிவுச் சான்றிதழைக் கடைக்குள் கண்ணில் படும்படி மாட்டுங்கள், வெளியே பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண்ணை எழுதுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் போட்டோ எடுப்பது பலகையைத்தான்.

5. செல் நம்பரும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பதிவு செய்துதரும் இடங்களில் பலர் தங்கள் சௌகரியத்துக்காகத் தங்கள் நம்பரையும் தங்கள் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்குச் செய்தவரும் அப்படித்தான் செய்திருந்தார். ‘ஓடிபிக்கு உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமேன்னு போட்டேன் சார்’ என்றார். அவருக்கும் எங்களுக்கும் கணக்கு முடிந்த பிறகு, எங்கள் கடைக்கு வரும் அரசு அறிவிப்புகள் எல்லாம் அவருடைய போனில் விழுந்துகொண்டிருந்தன.

உள்நுழைவு உங்கள் கையில் இருந்தால் நம்பரை நீங்களே திருத்தத்தில் மாற்றலாம். இல்லையென்றால் உங்கள் எல்லைக்குட்பட்ட ஜிஎஸ்டி அதிகாரியை நேரில் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் நகல், பான், ஆதார், பங்குதாரர் பத்திரம், நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதிய வேண்டுகோள் இவற்றோடு போங்கள். அவர் சரிபார்த்து, புது மின்னஞ்சலும் நம்பரும் ஏற்றித் தற்காலிகக் கடவுச்சொல் அனுப்புவார். அதை வைத்து நீங்கள் உள்ளே போய் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த அதிகாரி யார், எந்த அலுவலகம் என்பது ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுத் தேடினாலே வரும்.

கடைக்கென்று தனி சிம் ஒன்று, தனி மின்னஞ்சல் ஒன்று வாங்கிவிடுங்கள். ஜிஎஸ்டி, வருமான வரி, உத்யம், மாநகராட்சி, தொழிலாளர் துறை, பதிவுத் துறை அனைத்துக்கும் அதுவே. சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்து நம்பர் வேறொருவருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் அந்தப் பழைய பட்டன் போன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், கணக்குப் புத்தகத்தின் மேலேயே கிடக்கும். ஆடிட்டர் ஓடிபி கேட்டால் அதைப் பார்த்துச் சொல்வோம். எதற்காக ஓடிபி என்று கேட்ட பிறகே சொல்வோம்.

6. மாதாமாதம் ஜிஎஸ்டி

விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டுக்கு 22-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு). ஆனால் வரியைக் காலாண்டுவரை கையில் வைத்திருக்க முடியாது. முதல் இரண்டு மாதங்களுக்கான வரியை அடுத்த மாதம் 25-க்குள் சலானில் கட்ட வேண்டும். மாதாமாதம் கொடுப்பவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும்.

காலாண்டு முறையில் ஒரு குழி உண்டு. உங்கள் வாடிக்கையாளர் ஜிஎஸ்டி உள்ளவராக இருந்தால், நீங்கள் பில்லை ஏற்றினால்தான் அவருக்கு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்கும். ‘அண்ணே, உங்க பில் எனக்கு 2பி-ல விழலை, ஆடிட்டர் என்னைப் பிடிச்சுத் திட்டுறார்’ என்று கான்ட்ராக்டர் போன் செய்வார். 2பி என்பது ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி அவர் கணக்கில் உருவாகும் பட்டியல். காலாண்டுக் கணக்குக்காரர்களும் முதல் இரண்டு மாதம் பதிவு பெற்றவர்களுக்குப் போட்ட பில்களை மட்டும் 13-ஆம் தேதிக்குள் ஏற்ற ‘ஐஎஃப்எஃப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைச் செய்துதரும்படி உங்கள் கணக்காளரிடம் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். கூலி பேசும்போது இதையும் சேர்த்தே பேசுங்கள்.

வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். பூஜ்யக் கணக்கைச் செல்பேசியில் 14409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடித்துவிடலாம். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், பூஜ்யக் கணக்குக்கு 20 ரூபாய். ஒன்றரைக் கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவருக்கு ஒரு கணக்குக்கு அதிகபட்சம் 2,000, பூஜ்யக் கணக்குக்கு 500. பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. தொகை சிறிதுதான், ஆனால் பின்விளைவு பெரிது. இரண்டு காலாண்டு தொடர்ந்து விட்டால், மாதக் கணக்குக்காரர் ஆறு மாதம் விட்டால், பதிவையே ரத்து செய்யலாம். ரத்தானால் 90 நாளுக்குள் மீட்க விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் விட்டுப்போன எல்லாக் கணக்கும் வட்டியோடு போட்டிருக்க வேண்டும்.

வாடகைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று 2024 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி இல்லை, உங்களுக்கு இருக்கிறது என்றால், கடை வாடகைக்கான 18 சதவீத வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும். வாடகை 15,000 என்றால் 2,700 ரூபாய். இதைக் கையிருப்பு வரவில் கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். கட்டியதை அப்புறம் வரவாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரிலேயே ஒரு சுய பில் போட்டு வைக்கவும் வேண்டும். பழைய கடைக்காரர்கள் பலருக்கே இது தெரியாமல் இருக்கிறது. வட்டியோடு சேர்ந்து வந்து நிற்கும்.

விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்த வாடகை வரி கிடையாது. ஒன்றரைக் கோடிக்குள் விற்பவர்கள் அந்த முறைக்குப் போகலாம். வியாபாரிக்கு 1 சதவீதம்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18-ஆம் தேதி கட்டினால் போதும், ஆண்டுக் கணக்கு ஜூன் 30-க்குள். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது, அவருக்கு வரவும் கிடைக்காது, வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. தெருமுனையில் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் விற்கும் கடைக்கு அது நிம்மதி. கான்ட்ராக்டரை நம்பியிருக்கும் கடைக்கு ஒத்துவராது, அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

சரக்கு அனுப்பும்போது, தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல், வெளி மாநிலத்துக்கு 50,000-க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். கணக்குப் போடாமல் விட்டவர்களுக்கு அந்தத் தளமும் பூட்டிக்கொள்ளும், வண்டி லோடோடு நிற்கும்.

7. மாநகராட்சி, நகராட்சி உரிமம்

தொழில் உரிமம் இடத்துக்கும் தொழிலுக்கும் சேர்த்துக் கொடுப்பது. கடையை எதிர்ச் சாரிக்கு மாற்றினாலும் புதிதாக வாங்க வேண்டும். கட்டணம் தொழிலின் வகையையும் பரப்பளவையும் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும், ஆகவே பக்கத்து ஊர்க்காரர் கட்டிய தொகையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். ஆவணம், மேலே இரண்டாவதில் சொன்ன அதே கட்டு. கூடவே புகைப்படம், அடையாளச் சான்று.

இங்கே பெரும்பாலும் இடிப்பது சொத்து வரிதான். உரிமையாளர் பாக்கி வைத்திருந்தாலோ, கட்டடம் இன்னும் குடியிருப்பு என்றே வரி விதிக்கப்பட்டிருந்தாலோ உங்கள் உரிமம் நகராது. புதுப்பித்தலுக்கும் அதே கதைதான். உரிமத்தில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் அது மார்ச் 31 ஆக இருக்கும். பிப்ரவரி முதல் வாரத்திலேயே உரிமையாளரிடம் நடப்பு வரி ரசீதைக் கேட்டு வாங்கிவிட்டால், மார்ச் கடைசியில் தளம் மூச்சு முட்டும்போது நீங்கள் அதில் நிற்க வேண்டியதில்லை. ஊராட்சிப் பகுதியில் கடை என்றால் ஊராட்சி செயலரிடம் தொடங்குங்கள்.

தொழில் வரி தனி. இதுவும் உள்ளாட்சிக்குத்தான், அரையாண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும். அரையாண்டு வருமானம் 21,000-க்குள் என்றால் இல்லை. அதிகபட்சம் அரையாண்டுக்கு 1,250 ரூபாய். ஊழியர் சம்பளத்தில் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். பங்குதாரர்களும் அவரவருக்குக் கட்ட வேண்டியவர்களே. உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும்போது இந்த ரசீதையும் கேட்கலாம், ஒன்றாகக் கோத்து வையுங்கள்.

8. தராசு

ஆணியும் கம்பியும் எடை போட்டு விற்கிறோம் என்பதால் எங்களுக்கு இது முக்கியம். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறைதான். தராசு விற்ற கடைக்காரரே முதல் முத்திரையோடு கொடுப்பார். அடுத்த வருடம் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். தராசின் பக்கவாட்டில் ஈயத்தில் குத்திய சின்ன முத்திரையில் வருடமும், எந்தக் காலாண்டு என்பதைக் காட்டும் எழுத்தும் இருக்கும். அதைப் படித்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்புச் சான்றிதழையும் தராசுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ரிப்பேர் என்று முத்திரையை உடைத்தால் மறுபடியும் முத்திரை போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

மொத்தமாக வாங்கிய ஆணியை நீங்களே பாக்கெட் போட்டு உங்கள் பெயரில் விற்றால், நீங்கள் பாக்கெட் செய்பவர் ஆகிவிடுகிறீர்கள். தொடங்கிய 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டித் தனிப் பதிவு எடுக்க வேண்டும். பாக்கெட்டில் பெயர், முகவரி, எடை, பாக்கெட் செய்த மாதம், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் வேண்டும்.

9. வேலைக்கு ஆள் வைத்தால்

எத்தனை பேர் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். 5 பேர் ஆனால் தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிக்கு ஆண்டுதோறும் ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். 10 பேர் ஆனால் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி தொழிலாளர் துறைத் தளத்தில் பதிவு. இந்தப் பதிவு விதி 2024 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே 10 பேருக்கு, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு, இஎஸ்ஐ. 20 பேருக்குப் பிஎஃப். இரண்டுக்கும் மாதம் 15-ஆம் தேதி கெடு.

இரண்டே பேர் என்றாலும் சில கடமைகள் உண்டு. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அது சட்டம் இல்லாமலே நாம் செய்ய வேண்டியதுதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும், கூட ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ கொடுத்து, முன்கூட்டியே தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தத் தேதிகளில் ஆய்வாளர்கள் கட்டாயம் கடைத்தெருவுக்கு வருவார்கள். பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். பலகை எழுதக் கொடுக்குமுன் சொல்லிவிட்டால் இரண்டாம் செலவு இல்லை.

10. வருமான வரியும் உத்யமும்

கூட்டு நிறுவனத்துக்கு லாபமே இல்லை, நஷ்டம்தான் என்றாலும் வருமான வரிக் கணக்குக் கட்டாயம். தனி நபருக்கு இருக்கும் அடிப்படை விலக்கு நிறுவனத்துக்கு இல்லை, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் செஸ்ஸும். 2025 ஏப்ரல் முதல், பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளமோ வட்டியோ கொடுத்தால் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) வாங்கியாக வேண்டும். குடும்பத்துக்குள் நடத்தும் கடைகளுக்கு இது புதிது, ஆடிட்டரிடம் நீங்களே கேளுங்கள்.

உத்யம் பதிவு இலவசம். புதுப்பித்தல் என்று ஒன்றே கிடையாது. பதிந்த சில நாளிலேயே ‘உங்கள் சான்று காலாவதியாகிறது, 2,000 ரூபாய் கட்டுங்கள்’ என்று மின்னஞ்சல்களும் போன்களும் வரும். அசோகச் சின்னம் எல்லாம் போட்டு அசல் போலவே இருக்கும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியாத எந்தத் தளத்திலும் பணம் கட்டாதீர்கள்.

11. மாற்றம் வந்தால், மூடினால்

கடை இடம் மாறினாலோ பங்குதாரர் மாறினாலோ ஜிஎஸ்டி தளத்தில் 15 நாளுக்குள் திருத்தம் போட வேண்டும். அந்த ஒப்புதல் வந்ததும் மாநகராட்சி, பதிவுத் துறை, வங்கி, தராசுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். ஜிஎஸ்டியை முதலில் முடித்தால், அந்தச் சான்றிதழையே மற்ற இடங்களில் முகவரிச் சான்றாகக் காட்டலாம்.

கடையை மூடுவதென்றால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். கணக்குப் போடாமல் விட்ட எண் ரத்தாகும் வரை தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். 30 நாளுக்குள் ரத்து கேட்டு விண்ணப்பியுங்கள், மீதமிருக்கும் சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்பிக் கட்டுங்கள், ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிக் கணக்கைப் போடுங்கள். தொழில் உரிமத்தை ஒப்படைத்து எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். கூட்டு கலைந்ததை மாவட்டப் பதிவாளரிடம் பதிந்து பொது அறிவிப்பும் கொடுங்கள், அதுவரை மற்ற பங்குதாரர் செய்யும் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. பில் புத்தகம், கொள்முதல் பில், வங்கிக் கணக்கு நகல் எல்லாவற்றையும் அந்த ஆண்டுக் கணக்கின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. எலியும் ஈரமும் படாத டிரங்குப் பெட்டியில், ஆண்டு வாரியாகக் கட்டி, மேலே வருடம் எழுதி வையுங்கள்.